வருஷம் திரும்புமுன்னே ஆடின ஆட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு சண்முகப்பிரியா ஜெர்மனியிலிருந்து எழுதுதேன். நான் நல்லாருக்கேன். உங்களுக்கு மூட்டுவலி தேவலையா? குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சிருக்கும், வெளிய போகும்போது தலையில துண்டு கட்டிக்கோங்க.

என் நம்பரை நீங்க பிளாக் பண்ணிட்டதால இந்தக் கடுதாசி. தென்காசி பூராவும் பாத்த அந்த வீடியோவுல ஆடுதது நான்தான். இப்போ உலகமே ஆடுத கொரியப் பாட்டு அது. ஒரு வார்த்தை புரியாது, ஆனா அதைப் போட்டா எங்க வார்டுல படுத்துக் கிடக்கவங்ககூட கையைத் தூக்குதாங்க. சாப்பாட்டு நேரத்துல நர்ஸுங்க எல்லாரும் ஆடினோம். மூணு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன்ப்பா, பொய் சொல்ல மாட்டேன்.

அம்மா போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள ஆட்டம் கேக்குதான்னு சித்தப்பா சொன்னாராம். தம்பி சொன்னான். அம்மா தவறின அன்னைக்கு எனக்கு லீவு தரல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு பன்னிரண்டு பேருக்கு ஊசி போட்டேன். அன்னைக்கு யாரும் வீடியோ எடுக்கல.

அம்மா கடைசியா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் மிச்சமிருந்தா கொஞ்சம் அனுப்புங்க. சித்தப்பாவுக்குக் குடுத்துத் தீத்துராதீங்க.

டூட்டிக்கு நேரமாச்சு.
பிரியா