இடது கன்னத்தின் ஆரம்ப இருப்பு

மார்ச் 3

அக்கா இன்று காலை ரயில் ஏறிவிட்டாள். நேற்றைய செருப்புக்கடைக் கூத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. கடைக்காரப் பெண் என்னிடம், "அம்மா, உங்க தங்கச்சிக்கு என்ன சைஸ்?" என்று கேட்டாள். அக்காவைக் காட்டி! என்னைவிட ஆறு வயது மூத்தவள் அவள். வீடு வந்து சேரும்வரை சிரித்தாள். "இனிமே நான் உன்னை வாங்க போங்கன்னு கூப்பிடணுமோடி?"

ஜூன் 14 அவளுக்கு அறுபது. அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து படம் எடுத்து, பெரிதாகச் சட்டம் போட்டு அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறாளாம். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்ப்பார்கள். "இதுல மூத்தவங்க யாரு?" என்று ஒருவர் வாயிலிருந்தும் வரக் கூடாது. மூன்று மாதம் இருக்கிறது.

மார்ச் 5

சுருக்கம் போக்கும் கிரீம் வாங்கியாயிற்று. செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? மருந்தும் இல்லை, மளிகையும் இல்லை. 'பராமரிப்பு' என்று எழுதினேன். போன மாதம் தண்ணீர்க் குழாய் ரிப்பேரும் அதே தலைப்புதான்.

அட்டையில் இருப்பதை அப்படியே நம்புகிறவள் நானில்லை. நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடது கன்னத்துக்குக் கிரீம், வலது கன்னத்துக்கு ஒன்றுமில்லை. எது ஜெயிக்கிறது, பார்ப்போம்.

மார்ச் 6

பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இது ஆணவமா? முகம் நீ கொடுத்தது, கடவுளே. கொடுத்ததை ஒழுங்காக வைத்துக்கொள்வது என் பொறுப்பு இல்லையா? பதில் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 19

இவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு? பாதியிலேயே கிரீம் தீந்துடுச்சா?"

ஏப்ரல் 11

இன்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். கண்ணோரக் கோடுகள்: வலது 5. இடது 9.

ஒன்பது! கிரீம் போட்ட பக்கம்! காசைக் கொடுத்துச் சுருக்கத்தை வாங்கிட்டு வந்திருக்கேனே, என்னை என்ன சொல்றது? இவரிடம் சொன்னால், "ஆரம்பத்துல எத்தனை இருந்துச்சு?" என்கிறார்.

நோட்டைப் புரட்டினேன். எழுதவே இல்லை. வீட்டில் உப்புக்குக்கூட ஆரம்ப இருப்பு எழுதுகிறவள், என் முகத்துக்கு எழுத மறந்திருக்கிறேன்.

ஏப்ரல் 12

இரண்டு வருடத்துக்கு முந்தைய அடையாள அட்டைப் படம் கிடைத்தது. அதிலேயே இடது பக்கம்தான் கோடு அதிகம். கிரீமே, மன்னித்துக்கொள். ஆனால் ஏன் இடது?

ஏப்ரல் 22

தோல் டாக்டர் சின்னப் பெண். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தினமும் கார்ல இடது பக்க சீட்ல போவீங்களாம்மா?" என்றாள்.

"கார் எங்கம்மா இருக்கு?"

"அப்ப வீட்ல தினமும் ஜன்னல் ஓரமா உட்காருவீங்களா? இடது பக்கம் வெயில் விழற மாதிரி?"

சட்டென்று புரிந்தது. பிரார்த்தனை நாற்காலி. கிழக்கு ஜன்னல். காலையில் ஒரு மணி நேரம்.

"கண்ணாடி சாத்தியேதான் இருக்கும்," என்றேன், ஏதோ குற்றவாளிக்காக வாதாடுவதுபோல.

"சுருக்கம் போடற கதிர் கண்ணாடியத் தாண்டி வந்துடும்மா. இருக்கற கோடு எல்லாத்தையும் அழிக்க முடியாது. மேல ஏறாம பாத்துக்கலாம். தினமும் சன்ஸ்கிரீன், ரெண்டு விரல் நீளம். முகம் கழுவினதும் ஈரம் காக்கற கிரீம். ரெண்டு பக்கமும் போடுங்க," என்று சிரித்தாள்.

ஏப்ரல் 23

இருபத்திரண்டு வருடம், நாளைக்கு ஒரு மணி. எட்டாயிரத்து முப்பது மணி நேரம். பையன் பரீட்சை, இவர் வேலை, அக்கா வீட்டுக்காரரின் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் அங்கே உட்கார்ந்துதான் கேட்டேன். உன்கிட்டப் பேச வந்த இடத்துலயா எனக்கு இப்படி ஆகணும்?

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இனி வலது கன்னத்தில் விழட்டும், கணக்கு நேராகிவிடும்.

இவர், "ஆமா, உனக்கு எழுபத்தாறு வயசாகும்போது ரெண்டும் சமமாயிடும்," என்றார். கோபமாகத்தான் இருக்க நினைத்தேன். சிரிப்பு வந்து கெடுத்துவிட்டது.

ஏப்ரல் 27

சமையலறை மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். குக்கர் விசிலைத்தான் எண்ணினேன்.

மே 2

நாற்காலி பழைய இடத்துக்கே, பழையபடியே திரும்பிவிட்டது. ஜன்னலுக்குக் கெட்டித் திரை தைத்தேன். குளித்ததும் இரண்டு விரல் நீளம் பூசிக்கொண்டுதான் பிரார்த்தனை.

"விடிஞ்சதும் யாரைப் பாக்க இவ்ளோ அலங்காரம்?"

"இத்தனை வருஷமா யாரைப் பாக்கறேன்னு தெரியாதா உங்களுக்கு?"

ஜூன் 14

படமெடுக்கும் கடை. அக்கா தலைமுடிக்குச் சாயம் பூசி ஜோராக வந்திருந்தாள். நான் வலது பக்கம் தெரியும்படி நிற்பதாகத் திட்டம். நிலைக்கண்ணாடி முன்னால் ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். வழியில் அக்காவிடம் ஜன்னல் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அத்தான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, எனக்காகவும் அங்கதானேடி உட்கார்ந்த?"

"வேற எங்க உட்காருவேன்?"

"அப்ப இதுல நாலு கோடு என்னோடது."

கடைக்குள் நுழைந்ததும் படக்காரர் என்னைப் பார்த்து, "பெரியக்கா, நீங்க நாற்காலில உட்காருங்க," என்றார். அக்கா பாய்ந்து போய் உட்கார்ந்தாள். "பெரியக்கா நான்தாம்ப்பா! அவ என்னிக்கும் தங்கச்சிதான்."

அவள் தோளில் கை வைத்து நின்றேன். படக்காரர் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்றார். இடது பக்கத்தைக் காட்டினேன்.

ஜூன் 17

எங்களுக்கும் ஒரு படம் வந்தது. இவர் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்லா சிரிச்சிருக்க," என்றார். கோடெல்லாம் அதனால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

நோட்டில் புதுப் பக்கம் எடுத்தேன்.

ஆரம்ப இருப்பு: வலது 5. இடது 9. (இதில் அக்கா பங்கு 4.)