முன்னெச்சரிக்கையைச் சொல்ல முடியுமா, மதினி?

மதினி,

இன்று காலை நம் பட்டாசுக் கம்பெனி வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. 'முன்னெச்சரிக்கையே முதல் பாதுகாப்பு' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. உங்கள் சாவுக்குப் பிறகு பூட்டிக் கிடந்த கம்பெனி இந்த வாரம்தான் திறந்தது. பலகையை வாசித்துவிட்டு நின்றேன். அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. நீங்கள் போனதிலிருந்தே எனக்கு எதுவும் வருவதில்லை.

அந்தச் சொல்லைக் கேட்டாலே உங்களுக்குச் சிரிப்பு. நம் போர்மேன் அண்ணாச்சி தினமும் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து ஒப்பிப்பார்: செல்போன் கூடாது, நைலான் சேலை கூடாது, மருந்துத் தட்டைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். முடித்ததும், "முன்னெச்சரிக்கை சொல்லியாச்சு, போங்க" என்பார். நீங்கள் என் விலாவில் இடிப்பீர்கள்.

"ஏ புள்ள, முன்னெச்சரிக்கையச் சொல்லவா செய்வாக? எடுக்கணும்ல! வாயால சொன்னா வெறும் எச்சரிக்கை. கையால செஞ்சாத்தான் முன்னெச்சரிக்கை."

ஒருநாள் அவரிடமே இதைச் சொல்லிவிட்டீர்கள். "ஆத்தாடி, தமிழ் டீச்சர் வந்துட்டாக!" என்று அவர் கும்பிடு போட, ஷெட்டே சிரித்தது. நீங்களும்தான். அவரை மோசமான மனிதர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. தீபாவளி ஆர்டர் அவர் தலையிலும்தான் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு லோடு ஏற்ற லாரி வரவில்லை. கட்டிய பெட்டிகளை எல்லாம் மருந்து அறைக்குள்ளும் வாசலிலும் அடுக்கிவிட்டார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப இடமில்லை. நான் பக்கத்து ஷெட்டில் திரி வெட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டிகள எடுக்கச் சொல்லுங்க. தட்டத் தூக்க முடியல."

"லாரி இந்தா வந்துரும். சூதானமாப் பாத்துக்கம்மா."

காலையில் கேட்டீர்கள். மத்தியானமும் கேட்டீர்கள். மற்றவர்கள் சாப்பிடக் கை கழுவப் போனபோது, கையில் இருந்ததை முடித்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் மட்டும் உள்ளே இருந்தீர்கள். அப்போதுதான் வெடித்தது. இதை எழுதும்போதுகூட என் எழுத்து கோணவில்லை மதினி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தட்டை இழுத்தாள், உரசிப் பற்றிக்கொண்டது, அவள் கவனக்குறைவு. கம்பெனி இருக்கும் நாரணாபுரம் முழுக்க இதே பேச்சு. "முன்னெச்சரிக்கையெல்லாம் சொல்லித்தான் சார் வச்சிருந்தோம்" என்று அண்ணாச்சி போலீசிடம் சொன்னார். நீங்கள் இழுத்தது உண்மையாகவே இருக்கலாம். இழுக்காமல் வேறு என்ன செய்திருப்பீர்கள்? ஆனால் என் அண்ணனும் அந்தப் பேச்சை நம்பிவிட்டார். "அவளே இழுத்துட்டாளாமே" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு உங்கள் போட்டோ இருக்கும் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. கட்டின புருஷனே உங்களைக் குற்றவாளியாக நினைத்தபடி அந்த வீட்டில் நடமாடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று கம்பெனிக்கு விசாரணை அதிகாரி வந்தார். நான் அவரிடம் உள்ளே போகும் முன் அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இருந்துச்சுன்னு ஒத்த வார்த்த சொல்லிட்டு வந்துரு தாயி. சீசன் நேரம், வேலயக் கெடுத்துக்காத."

அதிகாரி கேட்டார்: "முன்னெச்சரிக்கை எல்லாம் இருந்துச்சாம்மா?"

"சொன்னாக சார். எடுக்கல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"இல்ல சார். தட்ட இழுக்காதன்னு சொன்னாக. தூக்க எடம் விடல. பெட்டிய எடுங்கன்னு எங்க மதினி ரெண்டு தடவ கேட்டாக. நான் என் காதால கேட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் அண்ணாச்சி. சரி என்றேன். பயமும் இல்லை, வீறாப்பும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆமத்தூர் வீட்டுக்கு வந்து அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்ப அவ மேல தப்பில்லையா?"

"இல்லண்ணே. கேட்டாகண்ணே. ரெண்டு தடவ கேட்டாக."

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய், உங்கள் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். எச்சில் கையோடே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். நான் மிச்சச் சோற்றை மூடி வைத்தேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை மதினி. வரும்போது வரட்டும். அந்த மத்தியானத்தில் கோபமில்லாமல், கெஞ்சாமல், பெட்டியை எடுக்கச் சொல்லி நீங்கள் கேட்ட குரல் மட்டும் எனக்குள் அப்படியே இருக்கிறது. நீங்கள் கேட்கவே இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. கேட்டவள் நான் இருக்கிறேன்.