மாப்பிள்ளைக்குப் போட்ட தளத்தில் நெல்

ராத்தா,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் உங்கள் சீமெந்துத் தளத்தில் அவித்த நெல்லைக் கொண்டுவந்து கொட்டினாள். அந்த மணம் சன்னலால் வந்ததும் பேனையை எடுத்தேன். ஒழுங்கில்லாமல் எதையும் எழுத எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. காசு மனிதனை விடுவிக்கும் என்று ஊர் சொன்னது முழு உண்மையல்ல. நம் வீட்டுக்கு அது கயிறாகத்தான் வரப் பார்த்தது.
2. அதே காசு உங்கள் கையால் உழைத்து வந்தபோது உங்களை விடுவித்தது.
3. எனக்காக நீங்கள் உங்கள் சந்தோஷத்தை விட்டுக்கொடுத்தீர்கள்.

எழுதியதை வாசித்துப் பார்க்கையில், அளவுக்கு மீறித் துணிந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இருக்கட்டும். நீங்கள் கண்மூடி நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்தில், எல்லோரும் ஒன்றாய்ச் சாப்பிடும் சஹனைச் சுற்றி இருந்தபோது ஒரு உறவுக்காரர், "பாவம், கலியாணம் காட்சி இல்லாமப் பொயித்தா" என்றார். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்: நீங்கள் பாவம் இல்லை.

நம் ஊர் வழக்கம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. பெண்ணுக்கு வீடு கட்டிவைத்தால்தான் மாப்பிள்ளை அங்கே குடிவருவார். வாப்பா இல்லையென்றால் கட்டுவது ஆண்பிள்ளையின் கடமை. எழுபதுகளின் கடைசியில் நம் வாப்பா உங்களுக்காக அத்திவாரம் போட்டு, சீமெந்துத் தளமும் இட்டு, சுவர் எழும்ப முன்னமே மௌத்தாகிவிட்டார். உங்கள் தம்பி நான், புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியன். என் சம்பளத்தில் அந்தச் சுவர் எழும்புவதென்றால் நான் கிழவனாகியிருப்பேன்.

அப்போதுதான் ஊரில் சவூதிக் கதை தொடங்கியிருந்தது. போனவர்களின் வீடுகளுக்கு ஓடு வந்தது, கசெற் ரேடியோ வந்தது. "காசி இரிந்தா ஆருக்கும் தலை குனியத் தேவல்ல" என்று பள்ளிவாசல் முற்றத்தில் கதைத்தார்கள். அப்படிக் கதைத்தவர்களின் பிள்ளைகள் அங்கே பாஸ்போர்ட்டை முதலாளியின் அலுமாரியில் வைத்துவிட்டு, ஊருக்கு வர அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வரும்போது, வாப்பாவுக்குப் பிறகு நம் வீட்டுக்குப் பெரியவராக இருந்த மாமா என்னை மறித்தார். உங்கள் பங்குக்கு வந்த, சவளக்கடையிலுள்ள வயலை விற்று, ஏஜென்டுக்குக் கொடுத்து, என்னைச் சவூதிக்கு அனுப்புவதாக முடிவாம். அந்த நிமிடம்வரை எனக்கே அது தெரியாது. அன்று மதியம் ஜும்ஆவுக்குப் பிறகு, உங்களுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வீட்டார் தளத்தைப் பார்க்க வருவதாக மட்டும்தான் முதலே பேச்சு இருந்தது. நேரே உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய கிடாரத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ராத்தா, என்ன சவூதிக்கு அனுப்பப் போறாங்களாம்."

"ஆரு?"

"மாமா. ஒங்கட வயல வித்து."

மூடியைத் திறந்துவிட்டு, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டீர்கள்: "ஒனக்குப் போக விருப்பமா?"

"போகத்தானே வேணும்."

"விருப்பமா எண்டு கேட்டா வேணும் எண்டுறாய். நீயெல்லாம் புள்ளையளுக்கு என்னத்தப் படிப்பிக்காயோ!" பிறகு அகப்பையை என் பக்கம் நீட்டினீர்கள். "என்ட வயல வித்து ஒன்ன அனுப்பி, நீ அனுப்புற காசில சுவரெழுப்பி, அந்தச் சுவருக்கு ஒரு மாப்பிள்ள வாறதாம். இதில நான் எங்கடா இரிக்கன்?"



ஜும்ஆ முடிந்து அவர்கள் வந்தபோது தளம் கண்ணுக்குத் தெரியவில்லை. மூலைக்கு மூலை நெல். நீங்கள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு காலால் துழாவிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னகா புள்ள இது? மாப்பிள்ள வாற ஊட்டுல நெல்லக் காயப்போட்டிரிக்காய்?" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"ஊடு எங்க மாமி இரிக்கி? தளம்தான் இரிக்கி. ஏறுறெண்டா செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க, மண் ஒட்டும்."

"வாயப் பாரு! இந்த வாய்க்கு ஆரு மாப்பிள்ள தருவான்?"

"தர வேணாம் மாமி. கொஞ்சம் அங்கால நில்லுங்க, வெயில் மறைக்கி."

அவர்கள் போன பிறகு, ஊர் சிரிக்கப்போகிறது என்று மாமா கத்தினார். "சிரிக்கட்டும் மாமா. சிரிச்சவங்களுக்கும் சோறு வேணும்தானே, அரிசிய இஞ்ச வாங்கச் சொல்லுங்க" என்றீர்கள். நான் வேலியின் ஓலைக் கிடுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

வயல் தப்பியது. நானும் தப்பினேன். ஊர் உண்மையாகவே சிரித்தது, பிறகு அரிசி வாங்க வந்தது. எண்பதுகளின் நடுவில் ஊரடங்கு போட்டுக் கடைகள் பூட்டிய நாட்களில், வேலி ஓட்டைக்குள்ளால் அரிசிக்குப் பெட்டியை நீட்டியவர்களில் அந்த மாப்பிள்ளையின் உம்மாவும் ஒருவர். நீங்கள் கொத்துப் படியைத் தலைதட்டாமல் குவித்து அளந்து கொடுத்தீர்கள்.

ஒருமுறை யாரிடமும் கேட்காமல் அயல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறி, கன்னியா வெந்நீர்க் கிணறு பார்க்கப் போய்விட்டீர்கள். திரும்பி வந்ததும், "ஆரிட்டக் கேட்டுப் போன?" என்று மாமா அதட்டினார். "பஸ்காரன்ட்டக் கேட்டன், எடமிரிக்கி எண்டான்" என்றீர்கள். அந்த மாதிரி ஒரு பதிலை என் வாழ்நாளில் நான் யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு நான் கொஞ்சம் சேமித்திருந்தபோது, மருதமுனையிலிருந்து உங்களுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. சுவர் எழுப்புவோமா என்று கேட்டேன். "வெயிலுக்குச் சுவர் கட்டப் பாக்கியாடா?" என்று சிரித்தீர்கள். "அண்டைக்கி நெல்ல விரிச்சது ஒன்ன நினைச்சில்ல. அந்த மாப்பிள்ளயப் புடிக்கல்ல. என்ட காசி என்ட கையில இரிந்தா எப்படியிரிக்கும் எண்டு பாக்க ஆசை, அவ்வளவுதான்." என் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் அப்படியே நினைத்தேன். மேலே அந்த மூன்றாவதை எழுதியதும் அதனால்தான்.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு வெளியே போனேன். பக்கத்து வீட்டுப் பெண் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எப்ப புள்ள அவிச்ச?"

"விடியத்தான் சேர். நேத்தே ஊறப்போட்டாத்தானே இண்டைக்கி அவிக்கலாம்?"

உள்ளே வந்து உட்கார்ந்து நாளைக் கணக்குப் பார்த்தேன். நான் சவூதிச் செய்தியோடு ஓடிவந்தபோது உங்கள் கிடாரம் அவிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அந்த நெல் முதல் நாளே ஊறியிருக்கிறது. வீட்டுச் சோற்றுக்கு அவிக்கும் அளவுமல்ல, தளத்தையே மூடும் அளவு. என் கதை உங்கள் காதுக்கு வர முன்னமே நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள். அதில் நான் எங்குமே இல்லை.

தளம் அப்படியே இருக்கிறது. நான் இருக்கும்வரை அதில் சுவர் எழும்பாது, நெல் காயும். இனி யாராவது உங்களைப் பாவம் என்றால் நிமிர்ந்து மறுத்துச் சொல்வேன். குரல் நடுங்கும், பரவாயில்லை.

முதலில் என்னையே மறுக்க வேண்டியிருக்கிறது. சஹனில் அந்த உறவுக்காரர் சொன்ன 'பாவம்' என்பதைத்தான் நானும் கொஞ்சம் மரியாதையான தமிழில் எழுதிவைத்திருக்கிறேன். மேலே மூன்றாவதாக எழுதியது பிழை, ராத்தா. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.