பெண்கள் கிறிஸ்துமஸ் அன்று நான் வாசித்தது

அன்பு மகள் ஷிபோனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகளும் சுகமாக இருக்கிறோம், அந்த வின்னிபெக் பனியில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க மாதா துணை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே மகளே. சில எழுத்து வேலி தாண்டப் பார்க்கும் ஆடு மாதிரி கோட்டுக்கு மேலே நிற்கிறது, சில பள்ளத்தில் கிடக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து ஆரம்பித்தது, இன்னும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறேன். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதியது. இது முழுக்க என் கை.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மழையில் தொழுவத்துக் கூரை ஒழுகுகிறது, அது ஒன்றும் புதிதில்லை. சேதி என்னவென்றால், ஜனவரி ஆறாம் தேதி, பெண்களுக்கு வேலையே இல்லாத பெண்கள் கிறிஸ்துமஸ் அன்று, பங்கு மண்டபத்தில் வழக்கம்போல ஆண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு சமைத்தோம், பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு குறை சொன்னார்கள். பன்றிக்கறி நன்றாக வந்தது, கேக்கை டோனி க்ரவ்லி கருக்கிவிட்டான். சாப்பாடு முடிந்ததும், இதே நாளில் நம் ஐரிஷ் நாட்டில் முன்பு என்னென்ன நடந்தது என்று வாத்தியார் வாசிப்பாரே, இந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல். இந்த வயதில் நான் எழுதப் படிக்கப் போகிற வகுப்பின் டீச்சர் ஒர்லா என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். எதை வாசிக்கச் சொன்னாலும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று நான் சொல்வதை இத்தனை காலம் நம்பிய ஊர், நடுவில் தடுமாறினால் சாகிறவரை சொல்லிக் காட்டுமே. டோனி வேறு, "என்ன ஃபின்பார், இன்னிக்காவது கண்ணாடி கொண்டாந்தியா?" என்று ஆரம்பித்துவிட்டான்.

எழுந்து நின்று வாசித்தேன். 1562இல் நம் குலத்தலைவர் ஷேன் ஓ'நீல் கோடரி வீரர்களோடு லண்டனில் ராணி முன்னால் போய் நின்று ஐரிஷிலேயே பேசினார் என்றதும் கைதட்டினார்கள். 1839இல் பெருங்காற்று அடித்துக் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போன இரவை வாசித்தேன். எழுபது வருஷம் கழித்து முதியோர் பென்ஷன் வந்தபோது, அந்தக் காற்று ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி வயதைக் கூட்டிக்கொண்டவர்கள் கதை வந்ததும், "உன் பாட்டனும்தானே!" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டி ஒரே சிரிப்பு. அடுத்து 1922. நாட்டுத் தலைவர் டி வலேரா அன்றைக்கு என்ற இடத்தில் ஒரு நீளமான சொல், அதில் மாட்டிக்கொண்டேன். மண்டபத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்போது லண்டனோடு போட்ட உடன்படிக்கைக்கு ஆதரவான வீடும் எதிரான வீடும் இன்னும் முறைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர் அல்லவா. "நம்ம பக்கத்தப் பாத்துப் பயந்துட்டான்யா" என்றான் டோனி. நான் பழக்கத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். பூசையில் பாட்டுப் புத்தகமானாலும் மாட்டு மருந்துப் புட்டியானாலும் எனக்கு எடுத்துக்கொடுத்தவள் அவள்தானே. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்னை ஏன்யா பாக்குற? இன்னிக்குப் பொம்பளைங்களுக்கு லீவு. நீயே படி!" என்றாள். இடியாய்ச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு துண்டாகக் கூட்டினேன். ராஜினாமா. ராஜினாமா செய்ய முன்வந்தார் என்று முழுசாக வாசித்தேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. டோனி மட்டும் எழுந்து வந்து கேக்கில் கருகாத துண்டாகத் தேடி எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, "நல்லாத்தான்டா படிக்கிற" என்றான்.

அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கேட்டதற்கு, டோனி கேக்கின் புகை என்றாள்.

பனியில் தலைக்குக் குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே, வண்டியை மெதுவாக ஓட்டச் சொல் மாப்பிள்ளையிடம். பதில் எழுதும்போது எனக்கென்று தனியாக ஒன்று எழுது, உறையில் என் பெயரை மட்டும் போடு. பெரிய எழுத்தாக இருக்கட்டும். பிரிக்கமாட்டேன் என்று அம்மா சத்தியம் செய்திருக்கிறாள். வெள்ளைப் பசு கன்று போட இருக்கிறது, கிடேரியா காளையா என்பதை அடுத்த வாரம் நானே எழுதுகிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் தன் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
ஃபின்பார்
(கையெழுத்தும் நானே போட்டது)