பெட்டியில் வைத்த பெயர்

கியோஸ் தீவு
12 மார்ச் 1964

அன்புள்ள அரெத்தி அக்காவுக்கு,

உங்கள் ஓரகத்தி கலிரோயி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பாப்பா நடக்கவே தொடங்கிவிட்டான், இன்னும் பெயர் வைத்தபாடில்லை. பாதிரியார் நேற்று, "ஏம்மா, மீசை மொளச்சப்புறமா ஞானஸ்நானம் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டே விட்டார்.

காலமான மாமனாரின் பெயரைத் தொட எங்களுக்கு மனமில்லை. பொலிக்ரோனிஸ் என்பது மூத்த மகன் வீட்டுத் தலைப்பிள்ளைக்கு உரியது. உங்கள் பிள்ளைக்காக வைத்திருக்கிறோம், கடவுள் கண் திறப்பார். இவனுக்குப் பெரிய அத்தானின் பெயரையே, ஸ்டமாதிஸ் என்று வைக்கலாம் என்கிறார் உங்கள் கொழுந்தன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நீங்களே ஞானத்தாயாக வந்து பெயரைச் சொல்ல வேண்டும்.

கலிரோயி

பிரேயஸ்
28 மார்ச் 1964

அன்புள்ள கலிரோயிக்கு,

நீ அனுப்பிய உலர்ந்த அத்திப்பழம் வந்தது. பாதியை உன் பெரிய அத்தானே தீர்த்துவிட்டார்.

ஞானத்தாயாக வருகிறேன். ஆனால் அவர் பெயர் வேண்டாம். ஸ்டமாதிஸ் என்றால் 'நில்' என்றுதானே பொருள்? அவருக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் தொட்டிலிலேயே போனதால், சாவைப் பார்த்து நில் என்று மாமியார் வைத்த பெயர் அது. சாவு நின்றது. எங்கள் வீட்டில் பிறப்பும் சேர்ந்து நின்றுவிட்டது.

'உங்கள் பிள்ளைக்காக வைத்திருக்கிறோம்' என்று நீ நல்ல மனதோடுதான் எழுதுகிறாய். ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கிறது. ஆனாலும், மாமனார் பெயரை நீயே எடுத்துக்கொள் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அரெத்தி

கியோஸ் தீவு
10 ஏப்ரல் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கென்ன கோபம்? என் அப்பாவின் பெயரை வைத்துவிடலாம். அர்யிரிஸ் என்றால் வெள்ளி. கையில் இல்லாவிட்டாலும் பெயரிலாவது இருக்கட்டும். மாமனாரின் பெயர் உங்களுடையதே. இனி அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

கலிரோயி

பிரேயஸ்
16 மே 1964

அன்புள்ள கலிரோயிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம்.

பெற்றவள் ஞானஸ்நானத்துக்கு வராத வழக்கப்படி நீ வீட்டிலேயே காத்திருந்தாய், கோயிலில் நடந்ததை நீ பார்க்கவில்லை. எண்ணெய் பூசியதும் வழுக்கிவிடுவான் என்று பயந்து அவனை மார்போடு அணைத்துக்கொண்டேன். பாதிரியார், "பேரு என்னம்மா?" என்றார். அர்யிரிஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொலிக்ரோனிஸ் என்று வந்துவிட்டது. பல்லாண்டு வாழ்கிறவன். ஒரு பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு என்னத்தை வேண்டுவது?

திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. "வாழட்டும்!" என்று முதலில் கத்தியது உன் பெரிய அத்தான்தான். பெயரைச் சொல்ல ஓடிவந்த தெருப் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கக்கூட மறந்து நீ அழுதாயாமே. திரும்பும் கப்பலில் அவரும் அழுதார். "அப்பா பேரச் சொல்லிக் கூப்புட ஒரு ஆளு கெடச்சிட்டான்டி" என்றார். எத்தனையோ வருடம் கழித்து அவர் அப்பாவைப் பற்றிப் பேசினார்.

ஒரே ஒரு குறை. நான் கிளம்பும்வரை எனக்கு முன்னால் அவனைப் பாப்பா என்றே கூப்பிட்டாய். ஏனென்று எனக்குத் தெரியாதா? போதும். பெயர் சொல்லிக் கூப்பிடு, கலிரோயி. கடல் தாண்டி எனக்குக் கேட்கும்படி கூப்பிடு.

உன் பிள்ளையின் ஞானத்தாய்,
அரெத்தி