நெருப்பில்லாத அடுப்பு வாங்கிவிட்டேன்

அன்பான என்னங்கவுக்கு,

உங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் கடிதத்தையும் இப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு சங்கதி சொல்ல வேண்டும், அதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. நம் வீட்டுக்கு நெருப்பில்லாத அடுப்பு வந்துவிட்டது.

கோபப்படாதீர்கள். நானும் லேசில் சம்மதிக்கவில்லை.

நமக்குள் இருந்த ஒழுங்கு உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அடுப்பைப் பத்த வைப்பது நீங்கள், சமைப்பது நான், அணைப்பது மறுபடி நீங்கள். பல்லேகல பெக்டரிக்குக் கிளம்புகிற நாளில் இருட்டோடு எழுந்து, கேஸ் குக்கரைப் பத்த வைத்து, "பத்த வச்சாச்சு பாக்கியம்" என்று குரல் கொடுப்பீர்கள். அந்தக் குரல் வந்த பிறகுதான் நான் குசினி வாசலைத் தாண்டுவேன். நீங்கள் குளித்து உடுத்தி முடிப்பதற்குள் சோறும் இரண்டு கறியும் ஆகிவிட வேண்டும். போகும்போது சிலிண்டரையும் மூடி, "அணைச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவீர்கள்.

தாதி வேலை பார்த்தவள் என்பதால் கெலிஓயா முழுக்க நான் மிஸ்ஸி. அந்த மிஸ்ஸிக்கு ஒரு நெருப்புக்குச்சி கிழிக்க முடியாது என்று தெரிந்தால் ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். தீப்புண் வார்டில் வேலை செய்தவளுக்குத் தீயைக் கண்டு என்ன பயம் என்று கேட்பார்கள். அங்கே வேலை செய்ததால்தானே பயம்? கொண்டுவந்து கிடத்தும் பெண்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பேசத் தெம்பிருக்கிறவள் சொல்வாள், "அடுப்பு பத்த வைக்கப் போனேன் மிஸ்ஸி." எத்தனை பேர் வாயால் அதைக் கேட்டிருப்பேன். புண்ணுக்கு மருந்து போடும்போது என் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. வீட்டுக்கு வந்து நெருப்புப் பெட்டியைத் தொட்டால் நடுங்கும்.

கல்யாணம் முடிந்த புதிதில், கையில் நெருப்புப் பெட்டியோடு அடுப்புக்கு முன்னால் நான் நின்று அழுததைப் பார்த்தீர்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை வாங்கிப் பத்த வைத்துவிட்டு, "நீ தேங்காயத் திருவு" என்றீர்கள். அன்றைக்கு எடுத்த வேலையைக் கடைசி வரைக்கும் விடவில்லை. கேஸ் இல்லாமல் ஊரே வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற காலத்தில், முற்றத்தில் கல் வைத்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றவரும் நீங்கள்தான்.

அப்படிப்பட்ட மனுசன் என்னை இப்படி விட்டுவிட்டுப் போகலாமா?

உங்களையும் நெருப்புக்குத்தான் கொடுத்தார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கும் நெருப்புக்கும் இருந்த பகை இன்னும் கூடிப்போனது.

காரியம் முடிந்து எல்லோரும் போன மறுநாள் காலையில், பழக்க தோசத்தில் குசினி வாசலில் போய் நின்றேன். உள்ளே குக்கர் இருக்கிறது, லைட்டர் இருக்கிறது, அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, பக்கத்து வீட்டு ரமீஸா பின்பக்கமாக வந்து பார்த்துவிட்டாள். அவளிடம்தான் முதன்முதலில் நம் ரகசியத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து விடியத் தொழுகை முடித்த கையோடு வந்து பத்த வைப்பாள். "தீ வெச்சாச்சு மிஸ்ஸி, இனி ஒங்கட பாடு, கறிட பாடு" என்று சொல்லிவிட்டுப் போவாள். சமையல் முடிந்ததும் வந்து அணைப்பாள், சரியாக அணைத்தோமா என்று மத்தியானம் இன்னொரு தடவை பார்ப்பாள். கூடப் பிறந்தவள்கூட இதைச் செய்யமாட்டாள்.

ஆனால் அவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறதே. கடுகண்ணாவையில் கட்டிக் கொடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்தது. போகிறேன் என்று சொல்லத் தயங்கினாள். நான்தான், "போய்ட்டு வா, எனக்கு என்ன, நான் சமாளிச்சுக்குவேன்" என்று பெரிய இவளாட்டம் அனுப்பி வைத்தேன்.

சமாளித்த லட்சணத்தைக் கேளுங்கள். கரண்ட் கேத்தலில் தண்ணீர் சுட வைத்து பிளேன்டீ, சோற்றுக்குப் பதில் கடைப் பாண், சீனிச் சம்பல். ரைஸ் குக்கரிலாவது சோறு வைக்கலாமே என்பீர்கள். அதைத்தான் ரிப்பேர் செய்கிறேன் என்று கழற்றி, பாதியில் அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டீர்களே. நீங்கள் அரைகுறையாக விட்டுப் போனது அது ஒன்றா? குசினிச் சுவரைக் குடைந்து குடைந்து, கடைசியில் ஓட்டைக்கு மேல் ஒரு வெள்ளை மூடியைப் போட்டு மூடினீர்கள். அந்த மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும்போதெல்லாம் துடைத்தபடி உங்களைத் திட்டியிருக்கிறேன். ஊர் வீடுகளுக்கெல்லாம் வயரிங் செய்த ஆள், சொந்த வீட்டு வேலை என்றால் இப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து சுகந்தி வத்தளையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நேராகக் குசினிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தாள். உங்கள் மகளல்லவா, எதையும் திறந்து பார்க்காமல் இருக்கமாட்டாள். பானை காய்ந்து கிடந்தது.

"எத்தன நாளாம்மா சோறு திங்கல?"

பசிக்கவில்லை என்று சொன்னேன். அவள் குசினித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அவள் முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுந்தவள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். ஒன்று, பத்த வைக்கத் தேவையில்லாத கரண்ட் அடுப்பு. இல்லாவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு வத்தளைக்கு வந்துவிட வேண்டும்.

வத்தளைக்குப் போய் நான் என்ன செய்ய? அங்கே நீங்கள் உட்கார்ந்த கதிரை எது? இந்த வீட்டில் எந்த சுவிட்சைப் போட்டாலும் உங்கள் கைவேலை. இதைப் பூட்டிச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு நான் எங்கே தூங்குவேன்?

சரி, அடுப்பைப் பார்க்கலாம் என்று கண்டி டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்து, அதன்மேல் பத்திரிகைத் தாளை விரித்து, தாளின் மேல் சட்டியை வைத்தார். சட்டியில் தண்ணீர் கொதிக்கிறது, கீழே தாள் கருகவே இல்லை. சுகந்திக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "தீயே இல்லம்மா, பயப்படவே தேவல்ல" என்றார் கடைக்காரர்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் கடைக்கு நடுவில் நின்று அழுதுவிட்டேன். அவர் பதறிப்போனார். எனக்காகவே செய்த சாமான்தான் அது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தீயே இல்லையென்றால் இந்த வீட்டில் உங்களுக்கு என்ன வேலை? இத்தனை வருசம் நீங்கள் எனக்காகச் செய்ததை ஒரு பொத்தான் செய்துவிடுமா? அன்றைக்கு வாங்காமலே திரும்பி வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துக்கொண்டாள். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அந்த அடுப்புக்குச் சரிவருமாம். அலுமினியச் சோற்றுப் பானையில் ஒட்டவில்லை. மீன் கறிச் சட்டி மண், அதில் ஒட்டவே ஒட்டாது. பொரிக்கிற இரும்புத் தாச்சி மட்டும் தப்பியது, இன்னும் ஒன்றிரண்டு. மற்றதெல்லாம் ஒரு மூலையில் குவிந்தது. "என்னையும் ஒருக்கா ஒட்டிப் பாரு" என்றேன். சிரித்துக்கொண்டே என் கையில் வைத்துப் பார்த்தாள், பாவி.

ரமீஸா திரும்பி வந்ததும் கேஸ் பக்கம் பேசினாள். கரண்ட் போனால் பட்டினியா, தீயில் வெந்த ருசி வருமா என்று கேட்டாள். பிறகு குரல் இறங்கி, "நான் வந்து பத்த வெக்கிறது ஒங்களுக்குப் பாரமா மிஸ்ஸி?" என்றாள். பாரம் எனக்கில்லை, அவளுக்கு என்றேன். பேத்தியைப் பார்க்கப் போவதென்றால்கூட என் அடுப்பை நினைத்துத் தயங்குகிறவளை எத்தனை நாளைக்குக் கட்டிப்போடுவது? ஒரு கிழமை யோசித்து, வத்தளைக்குப் போவதைவிட இது தேவலை என்று ஒத்துக்கொண்டேன்.

அடுப்பு வந்தது. பெட்டியைப் பிரிக்க மனம் வரவில்லை, ஹோலில் ஒரு மூலையில் வைத்துத் துணியால் மூடிவிட்டேன். சாதாரண பிளக்கில் போடக்கூடாது, தனியாகத் தடித்த வயர் இழுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்கு அது நல்ல சாட்டாகப் போனது. சுவரை உடைக்க விடமாட்டேன், அது அவர் செய்த வயரிங் என்று அடம்பிடித்தேன். சுகந்தி விடுவாளா? பல்லேகலயில் உங்களோடு வேலை செய்த சுனிலுக்குப் போனில் கோல் எடுத்துவிட்டாள்.

சுனிலுக்குத் தலை நரைத்துவிட்டது. மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் ஒரு சுவிட்ச் கீழே இறங்கிக் கிடந்தது. இது எதற்கு என்று கேட்டார், எனக்கு எங்கே தெரியும்? அங்கிருந்து சுவரைப் பார்த்தபடியே குசினிக்குள் நடந்தார். நான் நின்று சமைக்கிற மேடைக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற உயரத்தில், அந்த வெள்ளை மூடி. ஸ்க்ரூவைக் கழற்றினார்.

உள்ளே தடித்த வயர் இருந்தது. நுனிகளில் கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடித்து வைத்திருந்தீர்கள்.

சுனில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மிஸ்ஸி, அண்ணே எல்லாம் போட்டு முடிச்சிருக்கு. இது கரண்ட் அடுப்புக்குப் போடற வயர். பிளக் மட்டுந்தான் பாக்கி."

ஆஸ்பத்திரியிலிருந்து நெஞ்சு நோவோடு வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க வாங்க நீங்கள் சுவரைக் குடைந்தது ஞாபகம் வந்தது. தூசு பறக்கிறது, ஓய்வாக இருக்க முடியாதா என்று எவ்வளவு ஏசினேன். "பழைய வயர மாத்துறேன்" என்று சொல்லிச் சமாளித்தீர்கள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலில் கிடக்கும்போது, "நீ சுடுசோறு சாப்பிடணும் பாக்கியம்" என்றீர்கள். "யாரு பத்த வைப்பா?" என்று நான் வெடுக்கென்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நோயில் பிதற்றுகிறீர்கள் என்று நினைத்துப் போர்வையை இழுத்து விட்டேன்.

தெரிந்துதானே செய்திருக்கிறீர்கள்? போகப்போகிறோம் என்று தெரிந்து, நான் எங்கே நிற்பேன், கை எங்கே எட்டும் என்று பார்த்துத்தானே குடைந்திருக்கிறீர்கள்? பிறகு ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வயரை இழுத்தீர்கள். அடுப்பை ஏன் வாங்கவில்லை? இருக்கும்வரைக்கும் பத்த வைக்கிற வேலையை வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லையா? அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்று சொல்ல நீங்கள் வரப்போவதில்லை.

சுனில் பிளக்கைப் பூட்டி, இறங்கிக் கிடந்த சுவிட்சையும் மேலே தட்டிவிட்டார். பெட்டியை அன்றைக்கே பிரித்தோம். முதன்முதலில் பால்தான் பொங்க வேண்டும் என்றேன். வழிந்துவிடும் என்று சுகந்தி மறித்தும் கேட்கவில்லை. பால் பொங்கி வழிந்ததும் அடுப்பு கீக் கீக் என்று கத்திவிட்டுத் தானாக நின்றது. ரமீஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு அந்தக் குசினியில் சிரித்தது அன்றைக்குத்தான்.

பழைய கேஸ் குக்கரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து ரமீஸாவிடம் கொடுத்துவிட்டேன். கடுகண்ணாவையில் அவள் மகள் பிள்ளைக்குத் தண்ணீர் சுட வைக்கிறாளாம். நீங்கள் பத்த வைத்த அடுப்பு சும்மா கிடக்கவில்லை. லைட்டரை மட்டும் கொடுக்கவில்லை, அது உங்கள் படத்துக்குக் கீழே இருக்கிறது.

சுகந்தி போய்விட்டாள். இன்று காலை தனியாக எழுந்தேன். வழக்கம்போல வாசலில் வந்து நின்றேன். ஊர் மிஸ்ஸி என்கிறது, மகள் அம்மா என்கிறாள், பாக்கியம் என்று கூப்பிட இனி யாருமில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைக்கிறது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு நானே உள்ளே போய் விரலை வைத்தேன். கை நடுங்கவில்லை.

சோறு கொதிக்கும் சத்தத்தோடு இதை எழுதுகிறேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: இந்த வீட்டைப் பூட்டமாட்டேன். பாணைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் சுடுசோறு சாப்பிடுவேன். நீங்கள் சொல்லி வந்ததை இனி நான் சொல்கிறேன், எங்கிருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்த வச்சாச்சுங்க.

உங்கள் வீட்டுக்காரி,
பாக்கியம்