நாலு கிலோ ஷாக்

ஜூலை 1, செவ்வாய்

நான் நடத்தும் காலை நீச்சல் வகுப்புக்கு நான்கே பேர். மே மாதம் பதினெட்டுப் பேர் இருந்தோம். பெண்களுக்கு மட்டும் செவ்வாயும் வியாழனும் குளத்தைக் கொடுக்க வைப்பதற்கு இந்த அபார்ட்மெண்ட் கமிட்டியிடம் ஒரு வருடம் நடந்திருக்கிறேன். இப்போது நடந்து வர ஆளில்லை.

குற்றம் தண்ணீரில்தான். குளத்துத் தளத்தில் லிஃப்ட் திறந்ததுமே குளோரின் வாடை மூக்கில் அடிக்கிறது. முத்து பீவி மாமி பத்து நிமிடத்தில் கரையேறிவிட்டார். "கண்ணு எரியுதுலா உஸ்மா, ஒரு மூட்டை வெங்காயம் உரிச்ச மாதிரி." ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வலிக்கு டாக்டர் நீந்தச் சொல்லி வந்தவர். மூன்று மாதமாகியும் ஓரத்துக் கம்பியை விடவில்லை.

ஜூலை 3, வியாழன்

கமிட்டித் தலைவர் யோகநாதன் அங்கிள் கார் நிறுத்துமிடத்தில் வழிமறித்தார். கவர்மெண்ட் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை.

"உங்கட பெண்கள் முழு உடுப்போட இறங்குகினம். தலையில எண்ணெய். அதாலதான் தண்ணி கெடுது எண்டு எல்லாரும் சொல்லுகினம். என்ர பேரனுக்குக் கண் சிவந்து கிடக்கு. இருபதாம் தேதி மீட்டிங்கில ஓட்டுக்கு விடப்போறன், வகுப்பு வேணுமா வேண்டாமா எண்டு."

நான் என்ன சொன்னேன்? "சரி அங்கிள்." அவ்வளவுதான் வந்தது வாயில். சரியாம் சரி!

ஜூலை 4, வெள்ளி

ராத்திரி முழுக்கக் கோபம். நாங்கள் போடுவது நீச்சலுக்கென்றே தைத்த உடுப்பு. குளித்துவிட்டுத்தான் இறங்குகிறோம். மற்றவர்கள் குளிக்கிறார்களா? யாராவது கேட்டார்களா?

ஜூலை 5, சனி

குளம் பார்க்கும் லோகனிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, ஏன் இவ்வளவு குளோரின் போடுறீங்க?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "போடுறதா? வாடை அடிக்குதுன்னு மேல இருந்து கம்ப்ளைன். குறைக்கச் சொன்னாங்க. குறைச்சேன். இன்னும் வாடை. இன்னும் குறைச்சேன். இப்ப முன்ன போட்டதுல கால்வாசிகூட இல்லக்கா."

குறைக்கக் குறைக்க வாடை கூடுகிறதா? இது என்ன கணக்கு?

அவருடைய சோதனைப் பெட்டியை வாங்கி நானே பார்த்தேன். சின்னக் குப்பியில் குளத்துத் தண்ணீர். முதல் மாத்திரை போட்டதும் லேசான இளஞ்சிவப்பு, நிற அட்டையில் 0.4. அதே தண்ணீரில் இரண்டாவது மாத்திரை. செம்பருத்திப் பூ நிறம்! 2.2. லோகன் எப்போதும் முதல் மாத்திரையோடு நிறுத்திவிடுவாராம். "ரெண்டாவது எதுக்குன்னு யாரும் சொல்லலையே."

ஜூலை 7, திங்கள்

அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேரு ரோட்டில் குளத்து மருந்து விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் லோகேஸ்வரி தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"வாடை வந்தா குளோரின் ஜாஸ்தின்னு நினைக்கிறாங்க. தப்புக்கா. பத்தலைன்னு அர்த்தம். வேர்வை, சிறுநீரு இதோட ஒட்டிக்கிட்டு வேலை செய்யாம கிடக்கிற குளோரின்தான் நாறும், கண்ணை எரிக்கும். அது எவ்வளவு இருக்கோ, அதுக்குப் பத்து மடங்கு புதுசா ஒரே அடியா போடணும். அப்பதான் உடையும். அதுக்குப் பேருதான் ஷாக்."

முதல் மாத்திரை காட்டுவது வேலை செய்யும் குளோரின், இரண்டாவது காட்டுவது மொத்தம்; 2.2இல் 0.4 போனால் ஒட்டிக்கிடப்பது 1.8. பத்து மடங்கு பதினெட்டு. எங்கள் குளத்துக்கு நாலு கிலோ தூளுக்குக் கொஞ்சம் மேல். பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டும், வெயில் தின்றுவிடுமாம். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். மாற்றிச் செய்யவே கூடாது.

கடைசியாக ஒன்று சொன்னார். "பயந்துக்கிட்டு பாதி மட்டும் போடாதீங்க."

ஜூலை 8, செவ்வாய்

யோகநாதன் அங்கிள் வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு எண்களையும் காட்டி விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வாடை அடிக்கிற தண்ணிக்குள்ள இன்னும் குளோரின் கொட்டச் சொல்லுறீங்கள்."

"ஆமா அங்கிள்."

"பிழையாப் போச்செண்டால்?"

"ஓட்டுப் போட வேண்டாம். நானே வகுப்பை நிறுத்திக்கிறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ராசிக் மச்சானிடம் சொன்னேன். தன் கடைக் கணக்கிலிருந்து தலையைத் தூக்கி, "சொல்லிட்டல்ல, அப்புறம் என்ன, செஞ்சிரு" என்றார்.

ஜூலை 9, புதன்

குளத்தை மூடினோம். பொழுது சாய்ந்ததும் லோகன் கையுறை, முகமூடியோடு வந்தார். தராசில் நாலு கிலோவைப் பார்த்ததும் லோகன் கரண்டியைக் கீழே வைத்தார். "அக்கா, இவ்வளவு நான் வாழ்க்கையில போட்டதில்ல. யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

எனக்கும் பயம். பாதிதான் போட்டோம்.

ஜூலை 10, வியாழன்

வாடை இரண்டு மடங்கு. மூன்றாம் மாடியில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டார்கள். குளம் திறக்கவில்லை, வகுப்பு இல்லை. யோகநாதன் அங்கிள் குளத்து வாசலில் நின்றார், மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாரே அந்தக் கடைக்காரப் பெண். நான்தான் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

லோகன் இனி தொடமாட்டேன் என்றார். "வேலை போயிரும்க்கா."

"பயந்து பாதி போட்டதுனாலதான் இப்படி ஆச்சு அண்ணே. இன்னிக்கு நான் கரைக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டுக் குளத்துக்குப் போனேன். மறுபடி தண்ணீரை அளந்தோம், கணக்கு திரும்பவும் நாலு கிலோதான். ஒவ்வொரு வாளியாகக் கரைத்துக் குளத்தைச் சுற்றி ஊற்றிக்கொண்டே வந்தேன். மூன்றாவது வாளியை லோகன் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கடைசிவரை அவர்தான் ஊற்றினார். பம்ப் இரவு முழுக்க ஓடட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் ஓடினேன். லிஃப்ட் கதவு திறந்தது.

வாடை இல்லை.

குப்பியில் ஒட்டிக்கிடந்த குளோரின் 0.1. பூஜ்ஜியம் மாதிரிதான்! லோகன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "அக்கா, நான் பதினோரு வருஷமா குளம் பாக்கிறேன்" என்றார். புதிதாகப் போட்ட குளோரின் இன்னும் அதிகம், அது இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. இறங்கட்டும், காத்திருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் அளவு சரியாக வந்துவிட்டது. ஒன்பது பேர் வந்தார்கள். அடியில் உள்ள நீலக் கற்களின் இடுக்குகூடத் தெரிகிறது. முத்து பீவி மாமி முதன்முறையாக முகத்தை உள்ளே வைத்தார். எழுந்தவர் கத்தினார்: "என் கால் விரல் தெரியுதுலா!" கத்திய பிறகுதான் கவனித்தார், இரண்டு கையும் கம்பியில் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

மீட்டிங். நான் பேச எழுந்தபோது லோகன் கையைத் தூக்கினார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை.

"வாடை வருதுன்னு குறைக்கச் சொன்னீங்க. நானும் தெரியாம குறைச்சேன். தப்பு தண்ணியில இறங்கினவங்க மேல இல்ல, பாஸ்."

யோகநாதன் அங்கிள் எழுந்தார். "குறைக்கச் சொன்னது நான்தான்" என்றார். "உஸ்மாவிட்ட மன்னிப்புக் கேட்கிறன். எல்லாருக்கும் முன்னால கேட்கிறன்."

பிறகுதான் ஓட்டு. வகுப்பு தொடர்வதற்குக் கமிட்டியில் ஏழு ஓட்டு, எதிராக ஒன்றுமில்லை. இனி யார் இறங்கினாலும் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஆண்களும்தான். வாராவாரம் லோகன் இரண்டு மாத்திரையும் போட்டு அளந்து பலகையில் எழுதுவார்.

அழவில்லை. தனியாகப் போய்க் காரில் உட்கார்ந்த பிறகு கொஞ்சம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இருபத்திரண்டு பேர். சனிக்கிழமையும் கேட்கிறார்கள்.

புதிதாக ஒருவர், ஜெயமாலா ஆன்டி. யோகநாதன் அங்கிளின் மனைவி. அறுபத்தாறு வயதுவரை தண்ணீரில் கால் வைத்ததில்லையாம்.

"அங்கிளுக்குத் தெரியுமா ஆன்டி?"

"அவர்தானே பேர் பதிஞ்சு விட்டவர்."

முதுகுக்கடியில் கை கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். மெதுவாக என் கையை எடுத்தேன். பதினோரு விநாடி மிதந்தார்.